பதின்மூன்று எங்கே போயிற்று?

தேவனாம்பட்டினத்திலிருந்து பள்ளிக்கு வரும் நாங்கள் ஐவரும், மாலையில் கருவாட்டுக் கூடையுடன் அமர்ந்திருக்கும் பெரியம்மா ஒருவரைக் கடந்துதான் வீடு திரும்புவோம். இளம்பிள்ளை வாதத்தால் சிறு வயதிலேயே ஒரு கால் சூம்பியவர். காதும் மந்தம். ஒருநாள் தமது மருத்துவச் சான்றிதழை எங்களிடம் நீட்டினார்.

"ஏம் பாப்பா, காலுக்கு நாப்பது, காதுக்கு முப்பது. கூட்டினா எழுவதுதானே? அம்பத்தேழுன்னு போட்டிருக்காங்களே, பதிமூணு எங்க போச்சு?"

எங்களுக்கும் அது அநியாயமாகவே பட்டது. மறுநாள் கணித வகுப்பில் சிஸ்டரிடம் கேட்டோம். அவர் கரும்பலகையில் போட்டுக் காட்டினார்.

மத்திய அரசு வெளியிட்ட மதிப்பீட்டு நெறிமுறைகளின்படி, ஒருவருக்கு இரு குறைகள் இருந்தால் அவற்றை நேராகக் கூட்டுவதில்லை. பெரிய எண்ணை முதலில் 90-லிருந்து கழிக்க வேண்டும். 90-ல் 40 போனால் மீதி 50. இரண்டாவது குறையான 30, தொண்ணூறில் மூன்றில் ஒரு பங்கு. ஆகவே மீந்த ஐம்பதில் மூன்றில் ஒரு பங்கை மட்டும், அதாவது 16.67-ஐ, நாற்பதோடு சேர்க்க வேண்டும். வருவது 56.67; முழு எண்ணாக்கினால் 57. நேராகக் கூட்டினால் என்ன ஆகும்? காலில் 70, காதில் 50 உள்ளவருக்கு நூற்றுக்கு நூற்றிருபது குறை என்று எழுத வேண்டி வரும்!

கணக்கு சரிதான். ஆயினும் பின்னால் வரும் லாரியின் ஒலி காதில் விழாமல், விழுந்தபோதும் விரைந்து ஒதுங்க இயலாமல் சாலையில் நடப்பவருக்கு இரண்டும் சேர்ந்து எழுபதுக்கு மேலேயே இருக்கும் என்பது எங்கள் எண்ணம்.

அந்தப் பதின்மூன்றால் பெரியம்மாவுக்கு எவ்வளவு பணம் போயிற்று? ஒரு காசும் போகவில்லை. இதை அறிந்தபோது எங்களுக்கு வியப்பாக இருந்தது. உதவித்தொகை சதவீதத்திற்கு ஏற்பக் கூடிக் குறைவதில்லை. சதவீதம் கதவைத் திறக்கும், அவ்வளவே. கதவுகளும் இரண்டு.

முதலாவது, வருவாய்த் துறை தரும் ஓய்வூதியம். தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962-ல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிற்று. ஆதரவற்ற உடல் ஊனமுற்றோருக்கான ஓய்வூதியம் 1974-ல் வந்தது. 2011-ல் இரண்டும் 1,000 ரூபாயாயின. 18 வயது நிரம்பி, 40 சதவீதமோ அதற்கு மேலோ குறையுள்ள வறியவர்களுக்கு உரியது இது. 39 என்றால் கதவு திறவாது. 41-க்கும் 74-க்கும் தொகை ஒன்றே.

இரண்டாவது, மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தரும் பராமரிப்பு உதவித்தொகை. இதில் கடும் பாதிப்புடையோருக்கு 75 சதவீதம் வேண்டும். அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு போன்றவற்றுக்கு 40 போதும். 2022-ல் இது 2,000 ரூபாயாயிற்று. இரண்டையும் ஒருசேரப் பெற இயலாது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-ன் 24-ஆம் பிரிவை எங்கள் தோழியர் அனைவரும் அறிந்துகொள்ள வேண்டும். பிறருக்குத் தரும் அதேவகை உதவியைவிட மாற்றுத்திறனாளிக்கு 25 சதவீதமாவது கூடுதலாகத் தர வேண்டும் என்கிறது அது. சட்டம் 2017-ல் நடைமுறைக்கு வந்த பின்னும் சில ஆண்டுகள் முதியோருக்கும் 1,000, ஊனமுற்றோருக்கும் 1,000 என்றே இருந்தது. 2023 ஜனவரியில்தான் மாற்றுத்திறனாளிகளின் ஓய்வூதியம் 1,500 ஆயிற்று. அதே ஆண்டில் முதியோருக்கு 1,200 ஆயிற்று. 1,200-உடன் அதன் கால் பங்கைக் கூட்டிப் பாருங்கள், சரியாக 1,500 வரும்.

கூட்டும் முறையால் நட்டப்படுவோரும் உண்டு. ஒருவருக்குக் காலில் 60, கையில் 40 என்று கொள்வோம். நம் கூட்டலில் 100. சிஸ்டரின் கணக்கில் 73.33. இரண்டாம் கதவின் 75-க்கு 1.67 குறைவு, அக்கதவு திறவாது. கைக்கு 45 எழுதப்பட்டிருந்தால் சரியாக 75 வந்திருக்கும். மருத்துவர் கையை மடக்கி நீட்டி அளக்கும்போது நேரும் ஐந்து புள்ளி வேறுபாடு மாதம் 500 ரூபாயாகிவிடுகிறது. இத்தகையோர் கணக்கு முறையைக் குறைகூறிப் பயனில்லை. கை சரியாக அளக்கப்பட்டதா என்றே கேட்க வேண்டும். சான்றிதழ் மீது மேல்முறையீடு செய்ய அதே சட்டத்தின் 59-ஆம் பிரிவு இடமளிக்கிறது.

பெரியம்மாவுக்கு இதெல்லாம் தேவைப்படவில்லை. 75 இல்லை என்று யாரோ சொன்னதைக் கேட்டு, எதுவுமே கிடையாது என்று மூன்று ஆண்டுகளாக வாளாவிருந்துவிட்டார். முதல் கதவு இருப்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. ஆதார் அட்டை, குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம், சான்றிதழ் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு சனிக்கிழமை அவருடன் இ-சேவை மையத்துக்குச் சென்றோம். வலையும் உப்பும் பட்டுத் தேய்ந்த விரலின் ரேகை கருவியில் விழவில்லை. நான்காம் முறை கட்டைவிரலைச் சேலைத் தலைப்பில் நன்றாகத் துடைத்துவிட்டு வைத்தார். விழுந்தது. ஒப்புகைச் சீட்டைச் சுருக்குப் பையில் செருகிக்கொண்டு, "அப்போ அந்தப் பதிமூணு அங்கேயே கெடக்கட்டும் பாப்பா" என்றார்.