காகிதத்தில் ஓடிய விண்கலம்

1984ஆம் வருஷத்தின் ஆண்டிறுதி விடுமுறையில், ஜொகூர் மாநிலம் குலாய்க்கு அருகே ஒரு பால்மரத் தோட்டத்து லயத்து வீட்டில், சதுரக் கோடு போட்ட கணக்கு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, பென்சிலின் துணையால் நான் ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டை விளையாடிக்கொண்டிருந்தேன். கம்ப்யூட்டர் எங்கள் வீட்டில் இல்லை. எங்கள் தோட்டத்திலேயே இல்லை. இருந்ததெல்லாம், சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலைக்குப் போய்வந்த என் மாமா வாங்கி வந்த ஒரு மெல்லிய ஆங்கிலப் புத்தகமும், அதன் பக்கங்களில் வண்ண வண்ணமாகத் திரிந்த இயந்திர மனிதர்களும், வரிசை எண்ணிட்ட சில கட்டளைகளுந்தான்.

லண்டனிலுள்ள அஸ்பார்ன் பதிப்பகம் 1982இல் சிறுவர்களுக்கென வெளியிட்ட ‘கம்ப்யூட்டர் ஸ்பேஸ்கேம்ஸ்’ என்பது அதன் பெயர். அதில் ஒரு விளையாட்டு: அந்நியக் கிரகமொன்றில் மாட்டிக்கொண்ட விண்கலத்தை மேலே கிளப்ப வேண்டும். அந்தக் கிரகத்தின் ஈர்ப்பு ஓர் எண், கலத்தின் எடை இன்னோர் எண். இரண்டின் பெருக்கமே வேண்டிய விசை. எண்களைக் கம்ப்யூட்டர் மறைத்து வைத்துக்கொள்ளும். நாம் சொல்லும் விசை மிகை அல்லது குறை என்று மட்டும் அறிவிக்கும். பத்து முறைக்குள் கண்டுபிடிக்காவிட்டால் கதை முடிந்தது. கம்ப்யூட்டர் இல்லாத குறையை என் தங்கை தீர்த்து வைத்தாள். அவள் இரண்டு எண்களை மனத்துக்குள் நினைத்துப் பெருக்கிக்கொள்வாள். நான் விசை சொல்வேன். அவள் ‘மிகை’ அல்லது ‘குறை’ என்பாள். தோட்டத்து ஜெனரேட்டர் இரவு பத்து மணிக்கு நின்ற பிறகும், இருட்டில் எங்கள் விண்கலங்கள் கிளம்பிக்கொண்டிருந்தன.

ஒரு நாள், அதிகாலையில் மரம் சீவப் போய்த் திரும்பி, கைகால் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்த அம்மா, என் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, “என்னாடா, பத்து, இருபது, முப்பதுன்னு எழுதி வச்சிருக்க? நடுவுல உள்ளதெல்லாம் எங்க போச்சு?” என்று கேட்டார். பிற்பாடு ஏதாவது ஒரு வரியைச் செருக வேண்டி வந்தால் இடம் வேண்டுமே, அதற்காகத்தான் அப்படிப் பத்துப் பத்தாக எண்ணிடுகிறார்கள் என்று புத்தகத்தில் படித்ததைச் சொன்னேன். “அப்ப சரி. பின்னால கன்னு வைக்க நிரையில இடம் விட்ட மாதிரி” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அந்தக் கட்டளைகள் எழுதப்பட்டிருந்த பேசிக் மொழியின் வரிசை எண்களுக்கு அதைவிடத் தெளிவான வியாக்கியானத்தை அதற்குப்பின் எந்த நூலிலும் நான் வாசித்ததில்லை.

அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கெமெனி, கர்ட்ஸ் என்ற இரு கணிதப் பேராசிரியர்கள், கணிதம் பயிலாத மாணவனும் கணினியை ஆள வேண்டும் என்ற உத்தேசத்துடன் 1964இல் சிருஷ்டித்த அந்த மொழி, இருபதே வருஷங்களில் ஒரு பால்மரத் தோட்டத்து லயத்துக்கு வந்து சேர்ந்தது என்றால், அந்தப் புண்ணியம் யந்திரங்களைச் சார்ந்ததன்று, பத்திரிகைகளையும் சிறுவர் புத்தகங்களையுமே சார்ந்தது என்பது என் துணிபு. யந்திரம் விலை உயர்ந்தது. ஒருவரிடம் இருந்தால் ஒன்பது பேரிடம் இராது. காகிதமோ கைமாறும், கிழியும், ஒட்டப்படும், கையால் பிரதி எடுக்கப்படும். மாமாவோடு 170ஆம் எண் பஸ்ஸில் ஏறி, ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைக்கும், 1924இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தைத் தாண்டி, குவீன் வீதியில் இறங்கி, பிராஸ் பாசா வளாகத்துப் பழைய புத்தகக் கடைகளின் முன்னே குந்தியிருந்து, ‘இன்புட்’, ‘சின்க்ளேர் யூசர்’ முதலிய பத்திரிகைகளின் பழைய இதழ்களைப் புரட்டிய மத்தியானங்கள் எனக்குத் திருவிழா நாட்களுக்குச் சமானமானவை. 52 இதழ்களோடு நிறைவுற்ற ‘இன்புட்’ வார இதழ், ஒரே விளையாட்டை ஸ்பெக்ட்ரம், கமோடோர், பிபிசி, டிராகன் என்று யந்திரத்துக்கு யந்திரம் தனித்தனியே எழுதிக் காட்டும். ஒரே கருத்தை நான்கு வகையாகச் சொல்லலாம் என்பதை, இலக்கணம் படிக்கும் முன்னரே, அந்தப் பக்கங்களை ஒப்பிட்டுப் பார்த்து நான் தெரிந்துகொண்டேன்.

தமிழில் அப்படி ஒரு சிறுவர் பத்திரிகை எங்கள் கைக்கு எட்டவில்லை. அந்தத் தாகத்தை ஓரளவு தணித்தவர் எழுத்தாளர் சுஜாதா. ஜூனியர் விகடனில் ‘ஏன்? எதற்கு? எப்படி?’ என்று வாசகர் கேள்விகளுக்கு அவர் எழுதிய விடைகளைக் கத்தரித்து நோட்டில் ஒட்டி வைத்த பையன்கள் எங்கள் பள்ளியிலேயே மூன்று பேர் இருந்தோம்.

யந்திரத்தை நேரில் கண்டது அடுத்த வருஷம். குலாய்ப் பட்டணத்தில் மளிகைக்கடை வைத்திருந்த ஒரு சீனக் குடும்பத்துப் பையன் என் வகுப்புத் தோழன். அவன் வீட்டு மாடியில் 48கே நினைவகம் கொண்ட சின்க்ளேர் ஸ்பெக்ட்ரம் ஒன்று, தொலைக்காட்சிப் பெட்டியின் காலடியில், பள்ளிக்கூடச் சிலேட்டைவிடச் சிறியதாக உட்கார்ந்திருந்தது. ரப்பர் விசைகள் நாற்பது. நாங்கள் பால் எடுத்துப் பிழைத்த அதே ரப்பர்தானோ என்று விரலால் அழுத்தி அழுத்திப் பார்த்தது ஞாபகம் இருக்கிறது. ‘பி’ விசையை ஒரு தடவை தொட்டால் ‘பிரிண்ட்’ என்ற சொல் முழுசாகத் திரையில் வந்து விழும். ‘ஜே’யைத் தொட்டால் ‘லோட்’. வரியில் பிழை இருந்தால் அதை ஏற்காமல், பிழையான இடத்திலேயே ஒரு கேள்விக்குறி கண் சிமிட்டிக்கொண்டு நிற்கும். அரைப்புள்ளிக்குப் பதில் காற்புள்ளி, பூஜ்யத்துக்குப் பதில் ‘ஓ’ என்று எங்கள் குற்றங்களை நாங்களே தேடிப் பிடிக்க வேண்டும். ஒருவன் வாசிக்க, ஒருவன் தட்ட, ஒருவன் விரல் வைத்துச் சரிபார்க்க, இரண்டு மணி நேரம் பிரயாசைப்பட்டு முடிக்கும் தறுவாயில், யாரோ மின்கம்பியில் கால் தடுக்கி, எல்லாம் ஒரு கணத்தில் மறைந்துபோனதும் உண்டு. மறுபடியும் முதலிலிருந்து தட்டினோம். இரண்டாந் தடவை தட்டும்போது ஒவ்வொரு வரியும் ஏன் அங்கே இருக்கிறது என்பது புரிந்தது.

கேசட்டில் வந்த பெரிய விளையாட்டுகளும் உண்டு. டேப் ரிக்கார்டரின் கீச்சொலியோடு திரையின் விளிம்பில் முதலில் சிவப்பும் வெளிர்நீலமும், பின் நீலமும் மஞ்சளுமாகக் கோடுகள் ஓட, நான்கைந்து நிமிஷம் மூச்சை அடக்கிக் காத்திருந்தால், மாத்யூ ஸ்மித் என்ற இளைஞர் 1983இல் படைத்த ‘மேனிக் மைனர்’ சுரங்கம் திறக்கும். அவற்றுள் பெரும்பாலானவை பிரதிக்குப் பிரதி எடுத்தவை; பதிப்புரிமைச் சட்டங்கள் பாலத்தின் இரு கரையிலும் 1987இல் புதிதாக வந்தன. ஆனால் அந்தச் சுரங்கங்களில் நான் எத்தனை தடவை விழுந்தேன் என்பது இன்று ஞாபகத்தில் இல்லை. கையால் தட்டிய வரிகளோ எண்ணோடு ஞாபகம் இருக்கின்றன.

எல்லாவற்றிலும் விசேஷமான ஒன்றைச் சொல்ல வேண்டும். எட்டுக்கு எட்டுச் சதுரங்களில் புள்ளி வைத்து, நாமே ஓர் உருவம் செய்துகொள்ளலாம் என்று ஒரு பத்திரிகை கற்றுக்கொடுத்தது. ஒவ்வொரு வரிசையிலும் இடக்கோடிச் சதுரத்துக்கு மதிப்பு 128, அடுத்தது 64, இப்படிப் பாதி பாதியாகக் குறைந்து வலக்கோடியில் 1. நிரப்பிய சதுரங்களின் மதிப்பைக் கூட்டினால் வரிசைக்கு ஓர் எண். எட்டு எண்கள் சேர்ந்தால் ஓர் உருவம். பத்திரிகை காட்டியது விண்வெளி மனிதனை. நான் தமிழ் எழுத்தைச் செய்யப் புகுந்தேன். ‘ட’ எளிதில் வசப்பட்டது: முதலில் 0, பிறகு ஐந்து முறை 64, அடியில் 126, கடைசியில் மீண்டும் 0. ‘ப’வும் வந்தது. ‘அ’ நண்டைப்போல் சுருண்டது. ‘ழ’ எத்தனை பக்கம் கிழித்தும் அந்தச் சதுரங்களுக்குள் அடங்க மறுத்துவிட்டது. இத்தனைக்கும் அந்த யந்திரம் நம்முடைய சொந்த உருவங்களுக்கு ஒதுக்கிய இடம் 21 மட்டும். நம் நெடுங்கணக்கோ 247. இருந்தும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, விண்கல விளையாட்டின் பத்தாம் வரிக்கும் இருபதாம் வரிக்கும் நடுவே 15 என்று எண்ணிட்டு, ‘ட’வை அச்சிடச் சொல்லும் கட்டளையைச் செருகி ஓட்டினோம். வெள்ளைத் திரையின் தலையில், அரிசி மணியளவில், கருப்பாக ஒரு ‘ட’ வந்து நின்றது. “இது உங்கள் எழுத்தா?” என்று தோழன் மலாயில் கேட்டான். என் வாயில் பதில் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

அதே 1985இல் மலேசியரான முத்து நெடுமாறன் ‘முரசு’ என்னும் தமிழ்ச் செயலியைத் தொடங்கியிருந்தார் என்பதையும், பாலத்துக்கு அப்பால் நா. கோவிந்தசாமி பிற்காலத்தில் தமிழை இணையத்தில் ஏற்றப் பாடுபட்டார் என்பதையும் வளர்ந்த பிறகே அறிந்தேன். எங்களுக்கு அடங்காத ‘ழ’வை அடக்கியவர்கள் அவர்கள். அவர்களுடைய உழைப்பு எத்தகையது என்பதை, கிழித்த அந்தப் பக்கங்களின் காரணமாக, என்னால் கொஞ்சம் ஊகிக்க முடிகிறது.

இப்போது எங்கள் வட்டாரத்தில், குலாய் யங் என்னும் தோட்டத்து நிலத்தில் பிரம்மாண்டமான தரவு மையங்கள் எழுந்திருக்கின்றன. அஸ்பார்ன் பதிப்பகமோ தன் பழைய கணினிப் புத்தகங்களை 2016இல் எல்லாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி திறந்துவிட்டது. சென்ற தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது, என் கைபேசியில் அந்த விண்கலப் பக்கத்தைத் திறந்து அம்மாவிடம் காட்டினேன். அம்மாவுக்கு இப்போது பார்வை மங்கல். கைபேசியைக் கண்ணருகே கொண்டுபோய், எண்களை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, “பத்துக்கும் இருவதுக்கும் நடுவுல எடம் விட்டிருந்தியே, அதுல ஏதாச்சும் வச்சியா?” என்று கேட்டார்.

“‘ட’ வச்சேம்மா” என்றேன்.