ஆழ்நீரில் தூண்டிற்கோவை

மீன்பிடித்தலைத் தொழிலாகவே கண்டு வளர்ந்த நமக்கு, அதனை ஓட்டப்பந்தயம் போன்றதொரு போட்டியாகவும் நடத்துவர் என்பது சிறிது வியப்பைத் தரும். இங்கிலாந்திலோ அது நெடுநாள் வழக்கம். கால்வாய்க் கரையில் இலக்கமிட்ட முளைகள் வரிசையாக நாட்டப்பெறும். போட்டியாளர் சீட்டெடுத்துத் தத்தமக்குரிய இடத்தைப் பெறுவர். பெரும்பாலும் ஐந்து மணி நேரம் மீன் பிடித்து, பிடித்தவற்றை நீரில் அமிழ்த்திய வலைப்பையில் உயிரோடு வைத்திருந்து, ஈற்றில் நிறுத்துப் பார்த்துத் திரும்பவும் நீரிலேயே விட்டுவிடுவர். (நம் தாய்மார் இதனைக் கேட்டால் என்ன சொல்வரோ!)

இப்போட்டிகளிற் பயன்படும் நெடுங்கோலில் நூல் சுற்றும் உருளை இல்லை. காபன் நாராலான துண்டுகள் பலவற்றை ஒன்றனுள் ஒன்று செருகி 13 முதல் 16 மீற்றர் வரை அதனை நீட்டுவர். நுனித் துண்டுகளின் உள்ளே இறப்பர் இழையொன்று ஓடும். மீன் இழுக்குங்கால் அது நீண்டு கொடுக்கும். அவ்விறப்பரின் முனையிற் கட்டப்படும் நைலோன் இழை, மிதப்பு, பாரக்குண்டுகள், முள் ஆகியவற்றின் சேர்க்கையையே ஈண்டுத் தூண்டிற்கோவை என்கிறோம்.

மேற்கு இங்கிலாந்திலுள்ள குளொஸ்டர்–சார்ப்னெஸ் கால்வாயை எடுத்துக்கொள்வோம். கப்பல்கள் செல்வதற்கென வெட்டப்பெற்று 1827 இல் திறக்கப்பட்டதாதலின், ஏனைய கால்வாய்களைப் போலன்றி இது ஆழமுடையது. கோலெட்டும் தொலைவிலேயே மூன்று மீற்றருக்கு மேற்பட்ட ஆழத்தைக் காணலாம். இங்கே றோச், பிறீம் என்னும் மீன்கள் அடிமண்ணை அடுத்து மேயும். கால்வாய் நீரின் ஒரு பகுதி பிரிஸ்டல் நகரின் குடிநீருக்காக எடுக்கப்படுவதால், தேங்கிய நீர்போலத் தோன்றினும் அது சில வேளைகளில் மெல்ல நகர்வதுண்டு.

புதியவர் ஒருவர் இங்கு வந்தால் மிக இலேசான மிதப்பையே தெரிவர். மீன் தொட்டவுடன் அமிழவேண்டுமாயின் மிதப்பு சிறிதாக இருத்தல் வேண்டும் என்பது அவர் எண்ணம். ஒரு மீற்றர் ஆழத்தில் அது பொருந்தும். நான்கு மீற்றர் ஆழத்தில் அதுவே தோல்விக்கு வழி. இலேசான கோவை மெல்ல மெல்ல இறங்குகையில் இடைநீரிலுள்ள குஞ்சுமீன்கள் இரையைக் கவர்ந்துவிடும். காற்று மேல்நீரைத் தள்ள இழை வில்லாக வளையும். அடியில் மீன் கடிப்பது மிதப்பிற்கு எட்டுமுன் இரை போய்விடும். ஒவ்வொரு முறையும் அரை நிமிடம் வீணாயின், நூறு முறை இறக்குபவர் ஐம்பது நிமிடத்தை இழக்கிறார். ஐந்து மணி நேரப் போட்டியில் இது சிறு இழப்பன்று.

பாரமான மிதப்பை அமிழ்த்த மீனுக்கு மிகுந்த வலிமை வேண்டுமே என்று மாணவர் வினவலாம். ஆக்கிமிடீசின் தத்துவத்தைக் கற்றவர் சற்றுச் சிந்தித்தால் விடை கிடைக்கும். குண்டுகளின் நிறை மிதப்பின் உடல் மீதுள்ள மேலுதைப்பைச் சமன்செய்துவிட்டால், நீருக்கு மேல் எஞ்சி நிற்பது நிறந்தீட்டிய மெல்லிய நுனிக்குச்சி மாத்திரமே. அக்குச்சி அமிழும்போது இடம்பெயர்க்கும் நீரின் நிறையளவு விசையே மீன் செலுத்தவேண்டியது. ஆய்வுகூடத்து நீரமானியின் தண்டு மெலியுந்தோறும் அதன் நுண்மை மிகுவதும் இதனாலேயே. ஆகவே நுனிக்குச்சி மெல்லிதாயின், அரைக் கிராம் மிதப்பும் இரண்டு கிராம் மிதப்பும் இவ்வகையில் ஏறக்குறைய ஒன்றே.

பாரத்தின் சடத்துவம் என்னும் தடை மாத்திரம் எஞ்சுகிறது. அதனை நீக்குவது குண்டுகளை அமைக்கும் முறை. ஒலிவக்காய் வடிவினதாதலின் ஒலிவெற் எனப் பெயர்பெற்ற பெருங்குண்டை முள்ளுக்கு 60 சதமமீற்றர் மேலே நிறுத்துவர். 1.5 கிராம் மிதப்பாயின் 1.2 அல்லது 1.3 கிராம் அதற்கே உரியது. எஞ்சிய நிறைக்கு மூன்று சிறு குண்டுகளை அதன் கீழே இடைவிட்டுப் பிணிப்பர். பெருங்குண்டு இழையை நேராக நிறுத்த, கடைசி அரை மீற்றரில் இரை இயல்பாக ஆடி இறங்கும். மீன் முதலில் அசைப்பது சிறு குண்டுகளையே. பிறீம் இரையைக் கவ்வி மேலெழுமாயின், கடைசிக் குண்டின் பாரம் நீங்க மிதப்பு அமிழாமல் உயரும். அதுவும் கடியே.

மிதப்பின் நிறைக்கு எளிய அளவொன்று உண்டு: மீற்றருக்கு மூன்றிலொரு கிராம். காற்று மிகின் அதற்கும் மேலே செல்லலாம். அசையா நீருக்கு அடிபருத்த உருவமும், நகரும் நீருக்கு மேல்பருத்த உருவமும் ஏற்றவை. தண்டு நீண்ட கம்பியாயின் அலையில் மிதப்பு தள்ளாடாது.

கோவையை வீட்டிலேயே ஆறுதலாகக் கட்டுதல் நன்று. பிரதான இழை 0.14 மில்லிமீற்றரும், முள்ளிழை 0.09 மில்லிமீற்றரும் போதும். பெருமீன் முறித்தாலும் முள்ளிழையே போகும், மிதப்பு தப்பும். மிதப்பின் தண்டை மூன்று சிறு சிலிக்கோன் குழாய்களால் இழையிற் பிணித்து, கீழ்க்குழாய் தண்டின் முனைக்குச் சற்று அப்பால் நீளுமாறு விடுக, இழை சிக்காதிருக்கும். பின்னர் உயரமான அளவுச்சாடியில் நீர் நிரப்பிச் சோதித்தல் வேண்டும். மிதப்பில் அச்சிட்டுள்ள நிறை பல வேளைகளிற் சரியாக இராது. நுனிக்குச்சி மட்டும் தெரியும்வரை குண்டுகளைக் கூட்டியும் குறைத்தும் பார்க்க. கோவையின் நீளம் ஆழத்திலும் ஏறக்குறைய அரை மீற்றர் கூடியிருக்கட்டும். கோல்நுனிக்கும் மிதப்புக்கும் இடையே அத்துணை இழை வேண்டும். மீனைக் கரைசேர்க்கும்போது கோலைக் கழற்றிக் கையில் வைத்திருக்கும் நுனிப்பகுதியும் ஏறக்குறைய அந்நீளமாக இருத்தல் வேண்டும். இன்றேல் மீன் கைக்கெட்டாது. இறப்பரும் மிக மெல்லிதாகலாகாது. கோலை உயர்த்தும்போது பாரமான கோவை முழுவதையும் அதுவே அசைத்து முள்ளைப் பதிக்கவேண்டும்.

குண்டு என்றதும் ஈயமே நினைவுக்கு வரும். ஆனால் கரையோரத்தில் உதிர்ந்த ஈயக்குண்டுகளைப் பருக்கைக்கற்களோடு விழுங்கி அன்னப்பறவைகள் நஞ்சேறி இறந்தமையால், 0.06 கிராமுக்கு மேல் 28.35 கிராம் வரையுள்ள தூண்டில் ஈயங்களின் விற்பனை பிரித்தானியாவில் 1987 முதல் தடை செய்யப்பட்டது. இன்று ஒலிவெற்றுக்குத் தங்குதனும் பயன்படுகிறது. விலை கூடியதாயினும் ஈயத்திலும் அடர்த்தி மிக்கதாதலின், அதே நிறைக்குச் சிறிதாய் அமைந்து விரைந்து இறங்கும்.