யாருக்கு, எவ்வளவு, எப்போது? ஏற்காட்டில் காணிக்கை கொடுப்பவருக்கு

ஏழைகளுக்கென்று கொஞ்சம் பணம் ஒதுக்கியிருக்கிறீர்கள். அதை நியாயமாகக் கொடுப்பது எப்படி?

தசமபாகம் (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு) கட்டாயமா? சில சபைகளில் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் எருசலேமில் வறுமைப்பட்ட விசுவாசிகளுக்காகக் கி.பி. 50களில் பணம் திரட்டிய பவுல் விழுக்காடு எதுவும் விதிக்கவில்லை. வாரத்தின் முதல் நாளில் அவரவர் வரவுக்குத் தக்கபடி எடுத்துவைக்கச் சொன்னார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் கடிதத்தின் 8ஆம் அதிகாரத்தில் காரணமும் சொல்கிறார். கொடுப்பவர் திண்டாடி வாங்குபவர் சுகப்படுவது அவர் நோக்கமல்ல; ஒருவரிடம் மிஞ்சுவது இன்னொருவரின் குறையை நிரப்ப வேண்டும், அவ்வளவுதான்.

காப்பித் தோட்டத்தில் நாளுக்கு 500 ரூபாய் கூலி என்று வைத்துக்கொள்வோம். அதில் 50 ரூபாய் போனால் அன்றைக்குப் பருப்போ எண்ணெயோ குறையும். தோட்ட முதலாளிக்குப் பத்தில் ஒன்று போனாலும் சாப்பாட்டில் எதுவும் குறையாது. இருவரிடமும் ஒரே பங்கை வற்புறுத்துவது எனக்கு நியாயமாகப் படவில்லை. வட்டிக்கு வாங்கிக் காணிக்கை போடுகிறவரா நீங்கள்? முதலில் கடனை அடையுங்கள்.

சரி, எப்போது கொடுப்பது? சேலையும் போர்வையும் கேக்கும் பெரும்பாலும் கிறிஸ்துமஸுக்குத்தான் மலையேறும். சேர்வராயன் மலையில் காப்பிப் பழம் பறிப்பதும் ஏறக்குறைய அதே மாதங்களில்தான். ஆள் தேவைப்படும், கூலி கைக்கு வரும் காலம் அது. பறிப்பு முடிந்ததும் வேலைநாள் குறையும். பிறகு ஜூன் வரும். பள்ளி, கல்லூரிச் செலவும் மழையும் சேர்ந்தே வரும். குளிருக்குப் போர்வை வேண்டாம் என்று சொல்லவில்லை. பாதியை ஜூனுக்கு நிறுத்திவையுங்கள் என்கிறேன்.

யாருக்கு? உதவி தார்ச்சாலை போகும் வரைக்கும்தான் போகும். ஏற்காட்டில் 1917இல் தொடங்கிய மான்ஃபோர்ட் பள்ளியை வெளியூர்க்காரருக்கும் தெரியும். மாரமங்கலம், நாகலூர் பக்கத்துச் சிற்றூர்களைச் சேலத்திலேயே எத்தனை பேருக்குத் தெரியும்?

அந்த ஊர்களில் வாழ்பவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர் (கேரளத்தவர் அல்ல, தமிழ் பேசும் மலைமக்கள்). சேர்வராயன் சாமியைக் கும்பிடுகிறவர்கள். கிறிஸ்தவக் காணிக்கை அவர்களுக்குப் போகலாமா? தாராளமாக. எல்லாருக்கும் நன்மை செய்யச் சொல்லிவிட்டுத்தான் கலாத்தியர் கடிதம் சபையாரைத் தனியாகக் குறிப்பிடுகிறது. ஆனால் ஜெபத்துக்கு வந்தால்தான் அரிசி என்றால் அது வியாபாரம்.

பயனாளிகள் பட்டியலை யார் போடுவது? பலரும் கேட்காமல் விடும் கேள்வி இது. எருசலேம் சபையில் தினசரிப் பந்தியில் தங்கள் விதவைகள் விடுபடுகிறார்கள் என்று கிரேக்க மொழி பேசியவர்கள் முறையிட்டார்கள் (அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரம்). உடனே ஏழு பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஏழுமே கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன பக்கத்து ஆட்களிடமே பொறுப்பு போயிருக்கிறது என்றுதான் தோன்றுகிறது. உங்கள் சபைக் குழுவிலும் எஸ்டேட் லைன் வீட்டுப் பெண் ஒருவர், மலைக்கிராமத்துக்காரர் ஒருவர் இருக்கட்டும். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

கணக்குக் கேட்டால் அவிசுவாசமா? இல்லை. பவுலே எருசலேமுக்குத் திரட்டிய பணத்தைத் தனியாகக் கொண்டுபோகவில்லை. சபைகள் தேர்ந்தெடுத்தவர்களைத் துணைக்கு வைத்துக்கொண்டார். ரசீது கேளுங்கள். 80ஜி (நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை) வேண்டுமானால் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். புதிய வரிமுறையைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. ஆராதனைக்கென்று உண்டியலில் போடும் காணிக்கைக்கும் பொதுவாகக் கிடையாது.

பெரிய நிறுவனத்திடம் கொடுத்தால் அது சின்ன ஊருக்கும் பிரித்துத் தராதா? உள்நாட்டுப் பணம் என்றால் தரலாம். வெளிநாட்டு நன்கொடையை வேறொரு அமைப்புக்கு மாற்றிவிட 2020 முதல் சட்டம் இடம் தருவதில்லை. அதை நேரடியாக வாங்கவும் எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு (வெளிநாட்டு நன்கொடை பெற மத்திய உள்துறை தரும் அனுமதி) வேண்டும். டெல்லியில் உள்ள ஸ்டேட் வங்கிக் கிளையில் கணக்கும் வேண்டும். மலைக்கிராமத்துச் சின்னக் குழுவுக்கு இதெல்லாம் எட்டாது.

ஆகவே வெளிநாட்டு உதவி வரும் பெரிய நிறுவனத்துக்கே உங்கள் ரூபாயையும் கொடுக்கும் முன் கொஞ்சம் யோசியுங்கள். அந்தச் சின்னக் குழுவுக்கு வேறு வழியில்லை. கொடுப்பதை ஜூன் பிறக்கும் முன் கொடுங்கள்.