விலைவாசி ஏற்றமும் ஓய்வுக் காலமும்

கடைத்தெருவில் செல்வருக்கு ஒரு விலை, ஏழைக்கு ஒரு விலை என்பது இல்லை. துவரம்பருப்பின் விலை யாவர்க்கும் ஒன்றே. ஆயினும் அவ்விலையைத் தாங்கும் ஆற்றல் யாவர்க்கும் ஒன்றன்று. உழைக்கும் வயதினர்க்கேனும் சில வழிகள் உள்ளன. நெசவாளர் கூலி உயர்வு கோரலாம். பயிர் செய்வோர் தம் விளைபொருளை ஏறிய விலைக்கு விற்கலாம். ஓய்வு பெற்ற முதியோருக்கு இவ்வழிகள் அடைபட்டுப் போகின்றன. முன்னர்ச் சேர்த்துவைத்ததும் பிறர் தருவதுமே அவர்களுடைய வருவாய். அவ்வருவாய் எந்த வடிவில் வருகிறது என்பதைப் பொறுத்தே விலையேற்றம் ஒருவரைத் தீண்டாமலும், மற்றொருவரை மெலிவித்தும், வேறொருவரை வீழ்த்தியும் செல்கிறது. நம் சங்க அங்கத்தினர்கள் இதனை உழைக்கும் காலத்திலேயே அறிந்துகொள்ளுதல் நலம்.

ஓர் எளிய கணக்கு

எழுபத்திரண்டை ஆண்டு விலையேற்றச் சதவிகிதத்தால் வகுத்தால், விலைகள் இரட்டிப்பாவதற்கு எத்தனை ஆண்டுகள் ஆகும் என்பது ஏறக்குறையப் புலப்படும். ஆண்டுக்கு 6 சதவிகிதம் விலை ஏறுமாயின் பன்னிரண்டு ஆண்டுகளில் விலைகள் இரட்டிப்பாகும். அறுபதாம் வயதில் மாதம் 1,000 ரூபாய் பெறத் தொடங்கும் ஒருவருக்கு எழுபத்திரண்டாம் வயதில் அத்தொகை 500 ரூபாய்ச் சரக்கையே வாங்கித் தரும்; எண்பத்து நான்காம் வயதில் 250 ரூபாய்ச் சரக்கையே வாங்கித் தரும். கையில் வரும் நோட்டுகளின் எண்ணிக்கை குறைவதில்லையாதலால் பலர் இவ்விழப்பை உணர்வதில்லை.

2025 அக்டோபரில் நம் நாட்டின் சில்லறை விலையேற்றம் 0.25 சதவிகிதமாகத் தாழ்ந்தது உண்மையே. ஆயினும் ஏறும் வேகம் தணிவது வேறு, ஏறிய விலை இறங்குவது வேறு. காய்கறி முதலியன அவ்வாண்டில் மலிந்தாலும், பத்தாண்டுகளாக ஏறிய பொது விலைமட்டம் பழைய இடத்திற்குத் திரும்பவில்லை.

பஞ்சப்படி பெறுவோர்

பழைய முறையில் ஓய்வூதியம் பெறும் அரசு ஊழியர் ஓரளவு காப்புப் பெற்றவர் ஆவர். தொழிலாளர் நுகர்வு விலைக் குறியீட்டெண்ணைக் கொண்டு கணக்கிடப்பெறும் பஞ்சப்படி, ஜனவரியிலும் ஜூலையிலுமாக ஆண்டிற்கு இருமுறை திருத்தப்படுகிறது. அறிவிப்பு வரச் சில மாதங்கள் தாமதமானாலும் நிலுவைத் தொகை வந்துசேர்கிறது. இக்காப்பும் முற்றிலும் அசையாதது அன்று. பெருந்தொற்றின்போது, 2020 ஜனவரி முதல் 2021 ஜூன் வரை, மத்திய அரசு ஓய்வூதியர்க்குரிய மூன்று தவணை உயர்வுகள் நிறுத்திவைக்கப்பட்டன. எனினும் விலையை எட்டிப் பிடிக்கும் ஏணி ஒன்று இவர்களுக்கு உண்டு. ஏனையோர்க்கு அது இல்லை.

வட்டியை நம்புவோர்

சேமித்த பணத்தை வைப்பாக இட்டு வட்டியில் வாழ்வோர் நடுத்தர நிலையினர். மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தின் வட்டி 2023 ஏப்ரலில் 8.2 சதவிகிதமாக உயர்த்தப்பட்டது. இவ்வட்டிக்குப் பத்து லட்ச ரூபாய் வைத்திருப்பவருக்கு ஆண்டிற்கு 82,000 ரூபாய் கிடைக்கும். அவர் அதனை முழுதும் வருமானம் என்று எண்ணிச் செலவிடுகிறார். விலை 6 சதவிகிதம் ஏறும் ஆண்டில், அவருடைய பத்து லட்சத்தின் மதிப்பு குன்றாதிருக்க வேண்டுமாயின் 60,000 ரூபாயை முதலோடு சேர்த்தாக வேண்டும். மிஞ்சும் 22,000 ரூபாயே உண்மையான ஊதியம். ஏனையது முதலின் தேய்மானம். கரையும் முதலையே வட்டி என்று எண்ணி உண்ணும் நிலை இது.

கடன் வாங்கினவர்க்கு விலையேற்றம் உதவி செய்கிறது; கடன் கொடுத்தவர்க்குத் தீங்கு செய்கிறது. பாங்கியிலோ சங்கத்திலோ வைப்பு இடுபவர் கடன் கொடுத்தவரே என்பதை மறத்தலாகாது.

மாறாத சிறு தொகை பெறுவோர்

இவர்கள் நிலையே மிகவும் இரங்கத்தக்கது. 1995-ஆம் ஆண்டின் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் குறைந்த அளவு ஓய்வூதியம் 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டது. இதற்குப் பஞ்சப்படி இல்லை. பத்தாண்டுகள் கழிந்த பின்னரும் தொகை அதுவே. வாங்கும் ஆற்றலோ ஏறக்குறைய 600 ரூபாய் அளவிற்குச் சுருங்கிவிட்டது. அறுபது முதல் எழுபத்தொன்பது வயது வரையிலான ஏழை முதியோர்க்கு மத்திய அரசு தரும் 200 ரூபாய்ப் பங்கு 2007 முதல் பல ஆண்டுகளாக உயராமலே நின்றது. தமிழக அரசு தன் பங்கையும் கூட்டி, முதியோர் உதவித்தொகையை 2011-இல் 1,000 ரூபாயாகவும் 2023-இல் 1,200 ரூபாயாகவும் ஆக்கியது. இடையில் பன்னிரண்டு ஆண்டுகள் சென்றன. உயர்வு ஐந்தில் ஒரு பங்கு. விலைகளோ அதனினும் பன்மடங்கு ஏறின.

மேலும் ஏழையின் செலவில் பெரும்பகுதி உணவிற்கே போகிறது. 2023 ஜூலையில் பொது விலையேற்றம் 7.44 சதவிகிதம், உணவுப் பொருள்களின் ஏற்றமோ 11.51 சதவிகிதம். மாதம் 2,000 ரூபாய் செலவில் 1,400 ரூபாயை உணவிற்கு இடும் முதியவளுக்கு உணவால் மட்டும் சுமை 161 ரூபாய் கூடும். அது அவள் மொத்தச் செலவில் 8 சதவிகிதம். மாதம் 30,000 ரூபாய் செலவில் 7,500 ரூபாயை உணவிற்கு இடுபவருக்குச் சுமை 863 ரூபாய். அது அவர் செலவில் 3 சதவிகிதத்திற்கும் குறைவு. அவர் ஒரு பயணத்தைத் தவிர்த்து இதனைச் சரிக்கட்டுவார். இவள் ஒரு வேளை உணவையோ மருந்தையோ தவிர்க்கவேண்டி வரும்.

பண்டத்தின் காப்பு

நிலமும் வீடும் உடையோர்க்கு விலையேற்றம் பெரும்பாலும் அஞ்சத்தக்கது அன்று. வாடகையும் நிலமதிப்பும் காலப்போக்கில் கூடவே ஏறும். ஆனால் நிலம் இருந்தால் மட்டும் போதாது. அதன் பயன் எவ்வாறு வருகிறது என்பதும் நோக்கத்தக்கது. முதியோர் இருவர் தம் வயலைக் குத்தகைக்கு விட்டனர் எனக் கொள்வோம். ஒருவர் ஆண்டிற்கு 13,600 ரூபாய் எனப் பணமாகவும், மற்றவர் பத்துக் குவிண்டால் நெல்லாகவும் பேசினர். 2014-15-இல் சாதாரண நெல்லுக்கு மத்திய அரசின் ஆதரவு விலை குவிண்டாலுக்கு 1,360 ரூபாய். ஆகவே இருவர் வருவாயும் அன்று ஒன்றே. 2024-25-இல் அவ்விலை 2,300 ரூபாய். பழைய பேச்சு மாறாதிருந்தால் முன்னவர்க்கு அதே 13,600 ரூபாய்; பின்னவர்க்கு 23,000 ரூபாய்.

பங்கீட்டுக் கடையின் சிறப்பும் இதுவே. தமிழகத்தில் 2011 ஜூன் முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. வெளிச்சந்தையில் அரிசி என்ன விலை விற்றாலும் அட்டைக்குரிய கிலோ குறைவதில்லை. உதவித்தொகை தேய்ந்துகொண்டே போகும் ஏழை முதியோரின் அடுப்பு அணையாதிருப்பதற்கு இது ஒரு பெருங்காரணம் எனலாம்.

அங்கத்தினர் செய்யத்தக்கவை

முதலாவது, ஓய்வூதியத் திட்டம் எதில் சேர்ந்தாலும் வாக்களிக்கப்பட்ட தொகையை அன்றைய விலையில் எடைபோடுதல் வேண்டும். 2015-இல் தொடங்கிய அடல் ஓய்வூதியத் திட்டத்தில் பதினெட்டு வயதினர் ஒருவர் மாதம் 210 ரூபாய் செலுத்தினால் அறுபதாம் வயது முதல் மாதம் 5,000 ரூபாய் உறுதி. நாற்பத்திரண்டு ஆண்டுகள் 6 சதவிகிதம் விலை ஏறினால், அந்த 5,000 ரூபாய் அவர் சேர்ந்த நாளின் 450 ரூபாய்க்கும் குறைவாகவே இருக்கும். திட்டத்தில் சேரவேண்டாம் என்பது இதன் பொருள் அன்று. அதனை மட்டும் நம்பியிருத்தல் தகாது. கூலி உயருந்தோறும் சேமிப்பும் உயரவேண்டும் என்பதே பொருள். கைத்தறிக் கூட்டுறவுச் சங்கங்களின் நெசவாளர் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில் கூலியில் ரூபாய்க்கு 8 காசு என்று விகிதமாகப் பிடிக்கும் முறை இவ்வகையில் நன்று. கூலி ஏறினால் சேமிப்பும் தானே ஏறும்.

இரண்டாவது, ஓய்வுக் காலத்துச் சேமிப்பு முழுவதையும் ஒரே வடிவில் முடக்குதல் ஆகாது. வைப்புப் பணம் அவசரத்திற்கு உதவும். நிலம், வீடு போன்றவை விலையோடு வளரும். இரண்டும் அளவோடு இருத்தல் வேண்டும்.

மூன்றாவது, வட்டி முழுவதையும் செலவிடாமல், ஓய்வின் முதல் ஆண்டுகளிலேனும் ஒரு பகுதியை முதலோடு சேர்த்தல் வேண்டும்.

இவை யாவும் சேமிக்க வழியுள்ளோர்க்கே பயன்படும். கூலி முழுவதும் வயிற்றிற்கே போதாத அங்கத்தினர்களும் நம்மிடையே உள்ளனர். அவர்களுடைய முதுமைக்குத் தனிமனிதச் சிக்கனம் மருந்தாகாது. அரசு ஊழியர்க்குப் பஞ்சப்படியைக் கணக்கிடக் குறியீட்டெண் பயன்படுமாயின், நெசவாளர்க்கும் உழவர்க்கும் தரப்படும் உதவித்தொகையை உயர்த்த அது பயன்படாது என்று கூறுவதற்கு நியாயம் இல்லை. ஒருவர் கேட்டால் மனுவாகும். சங்கங்கள் கூடிக் கேட்டால் கோரிக்கையாகும். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் ஒவ்வொரு சங்கமும் இப்பொருளை ஆராய்ந்து தீர்மானம் நிறைவேற்றி அனுப்புவது தக்கது.