மூடுபனிக்குப் பின்னே



சென்ற திங்களில் ஒரு சனிக்கிழமை இரவு, அடுகோடியில் எங்கள் அறையில் நால்வர் கூடி 'மூடுபனி' படம் பார்த்தோம். ராஜேந்திரகுமாரின் நாவலைத் தழுவிப் பாலு மகேந்திரா 1980-இல் எடுத்த படம். பெங்களூரிலும் ஊட்டியிலும் படமாக்கப்பட்டது. தாயைத் தந்தை வதைப்பதைக் கண்டு வளர்ந்த சிறுவன், வளர்ந்தபின் கொலைகாரனாகிறான். பிரதாப் போத்தனின் அந்தப் பார்வையை எண்ணி, அன்றிரவு விளக்கை அணைக்க எவர்க்கும் துணிவில்லை.

நான் விழித்திருந்த காரணம் வேறு. இரண்டு மாதங்களுக்கு முன் ஓசூர் சாலையில் நான் சென்ற ஆட்டோவை ஒரு லாரி இடித்துக் கவிழ்த்தது. ஓட்டுநருக்குக் கால் முறிந்தது, எனக்குச் சிராய்ப்புத்தான். மறுநாளே வகுப்புக்குப் போய், நடந்ததைச் சிரித்துக்கொண்டே உங்களிற் சிலரிடம் சொன்னேன். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத் தொடங்கியது வினை. பின்னால் லாரியின் ஹாரன் கேட்டால் உடல் வியர்க்கும், கால் நகராது. டீசல் வாடை பட்டால் போதும், ஆட்டோ மறுபடி கவிழும். நினைவுக்கு வந்தது என்று சொல்ல மாட்டேன். மறுபடி நடந்தது என்றே சொல்வேன். விஞ்ஞானம் பயில்பவனுக்கு இது நேரலாமா என்று என்னை நானே ஏசிக்கொண்டேன்.

நேரலாம். எலிக்கே நேருகிறது! இந்நகரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த சுமந்திர சட்டர்ஜியும் உடனாய்வாளரும் 2005-இல் வெளியிட்ட ஆய்வைக் கேளுங்கள். எலியை ஒரே முறை, இரண்டு மணி நேரம், அசையவொட்டாமல் அடக்கி வைத்தார்கள். மறுநாள் பார்த்தால் மாற்றம் ஒன்றுமில்லை. பத்தாம் நாள் பார்த்தால் அச்சம் மிகுந்திருக்கிறது. மூளையில் அச்சத்திற்கு இருப்பிடமான அமிக்டலாவில், நரம்பணுக்களின் கிளைகளில் புதிய முட்கள் அரும்பியிருக்கின்றன. அணுக்கள் செய்தி பெறும் வாயில்கள் அவை.

பத்து நாள்! அந்தக் கட்டுரையை மூன்று முறை படித்தேன். என் கோழைத்தனம் என்று நான் எண்ணியதற்குச் சதையில் ஓர் இடம் இருந்தது.

நிமான்ஸ் ஆய்வாளருடன் சேர்ந்து அவர்கள் 2002-இல் கண்டது இன்னொன்று. பத்து நாள் தொடர்ந்து வருத்தினால், நினைவுக்கு உதவும் ஹிப்போகாம்பஸின் கிளைகள் சுருங்குகின்றன. அமிக்டலாவின் கிளைகளோ தழைக்கின்றன. எங்கே, எப்பொழுது என்று குறித்து வைக்கும் கணக்கன் தளர, கூக்குரலிடும் காவற்காரன் கொழுக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

'மூடுபனி' வந்த அதே 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இந்நோய்க்குத் தன் பட்டியலில் இடம் கொடுத்தது. பழைய காயம் திரும்பி வரும் என்று படம் சொல்வது மெய். ஆனால் காயம்பட்டவன் கத்தி எடுப்பான் என்பது கதைக்காரர் வசதி. துன்புற்றோரில் மிகப் பெரும்பாலோர் எவரையும் துன்புறுத்துவதில்லை. தூக்கமின்றிக் கிடப்பார்கள், அவ்வளவே. கடத்தி அடைத்து வைக்கப்பட்ட ரேகாவின் பின்னாளைய இரவுகளையல்லவா நான் பார்க்க விரும்பினேன்!

நிமான்ஸ் எங்கள் அறையிலிருந்து நடக்கும் தூரந்தான். இருந்தும் வாயில்வரை சென்று இருமுறை திரும்பினேன். எவரேனும் பார்த்துவிட்டால்? மூன்றாம் முறை உள்ளே போனேன். நடந்ததை வரிசையாகச் சொல்லச் சொன்னார்கள். பிறகு அஞ்சும் இடத்தைச் சிறிது சிறிதாக அணுகச் சொன்னார்கள். நேரில் போகக் கூசுபவர் 14416 என்ற 'டெலி மானஸ்' எண்ணை அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம்.

முதல் வாரம் சாலையோரம் நின்று லாரிகளை எண்ணினேன். நேற்று அடுகோடி சிக்னல்வரை ஆட்டோவில் போனேன். கண்ணை மூடிக்கொண்டுதான்.