முழங்காலைக் காப்போம்: பிள்ளைப் பருவம் முதல் முதுமை வரை

"வயசு போனா முழங்கால் வலிக்கத்தானே செய்யும், ஐயா." கித்துல்கல பக்கத்துத் தோட்டங்களில் லயம் லயமாகப் போகும்போது நாங்கள் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பால் வெட்டும் அண்ணனும் சொல்கிறார், கொழுந்து பறிக்கும் அக்காவும் சொல்கிறார். இதில் பாதிதான் உண்மை.

இந்த நோய்க்கு மூட்டுத் தேய்வு என்று பெயர். மூட்டுக்குள் இரண்டு எலும்பும் உரசாமல் இருக்க வழுவழுப்பான குருத்தெலும்பு இருக்கிறது. அது கெட்டு மெலிந்தால் மூட்டு நோகும், வீங்கும், காலையில் விறைத்துப் போகும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019இல் உலகத்தில் 52 கோடியே 80 இலட்சம் பேருக்கு இந்த நோய் இருந்தது. அவர்களில் 100க்கு 60 பேர் பெண்கள். வயது போவதை யாராலும் நிறுத்த முடியாது. ஆனால் பழைய அடி, கூடுதலான உடல் நிறை, பாரம் தூக்குதல், அடிக்கடி குந்துதல், பலமில்லாத தசை இவையும் காரணம். இவற்றை நாம் குறைக்கலாம்.

பிள்ளைகளுக்கு: நன்றாக ஓடி விளையாடட்டும். விளையாட்டில் முழங்கால் பிசகி வீங்கினால், எண்ணெய் போட்டு உருவி விட்டுச் சும்மா இருக்காதீர்கள். டாக்டரிடம் காட்டுங்கள். சின்ன வயதில் பட்ட அடி நடுத்தர வயதில் மூட்டுத் தேய்வாக வரலாம்.

வேலை செய்யும் வயதில்: எங்களுக்குத் தெரிந்த ஓர் அக்கா மழை நாளில் மலைச் சரிவில் சறுக்கி விழுந்தார். முழங்கால் வீங்கியது. "பேர் போயிருமே" என்று மறுநாளே கூடையோடு மலைக்குப் போனார். நாங்களும் அன்று வற்புறுத்தவில்லை. இன்று அவரால் கக்கூசில் குந்த முடியவில்லை. "அன்னிக்கே காட்டியிருக்கலாம்" என்கிறார். அந்த வருத்தம் எங்களுக்கும் உண்டு.

கொழுந்தை நிரம்பி வழியும் வரை சுமக்காமல் இடையில் இறக்குங்கள். பால் வாளியை ஒரே கையில் தூக்காமல் இரண்டு கையிலும் பிரித்துத் தூக்குங்கள். தாழ்ந்த வெட்டில் நீண்ட நேரம் குந்தாமல் இடையிடையே எழும்பி நில்லுங்கள். வழுக்காத செருப்புப் போடுங்கள்.

உடல் நிறை கூடியவர்கள் தேத்தண்ணிக்குச் சீனியையும் மா ரொட்டியையும் குறைத்து, கீரை, பருப்பைக் கூட்டுங்கள். அமெரிக்காவில் 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வில், உடல் நிறை ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் விழும் பாரம் 4 கிலோ குறைவதாகக் கண்டார்கள்.

ஐம்பதுக்குப் பிறகு: வலிக்கிறது என்று படுத்தே இருந்தால் தசை மெலியும், வலி கூடும். மட்டமான பாதையில் தினமும் கொஞ்சம் நடவுங்கள். கதிரையில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டி, தொடையை இறுக்கி 5 வரை எண்ணி மெதுவாக இறக்குங்கள். ஒவ்வொரு காலுக்கும் 10 தடவை செய்யுங்கள். இது தொடைக்குப் பலம் தரும். பலமான தொடை முழங்காலைத் தாங்கும்.

கடையில் வலிக் குளிசை வாங்கி மாதக் கணக்கில் குடிக்காதீர்கள். வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் கெடலாம். மூட்டு சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

விழுந்தால் மறைக்காதீர்கள். அன்றே தோட்ட டிஸ்பென்சரிக்கு வாருங்கள். ஒரு நாள் பேரை விட, ஆயுள் முழுக்க நடக்கும் கால் பெரிது.