மணி சாப்பிட்டாச்சா?

ரிடையரான பிறகு பொழுது எப்படிப் போகிறது என்று சங்க விழாக்களில் பார்க்கிற நண்பர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். 1983-இல் ரயில்வேயில் சேர்ந்து 2021 வரை முப்பத்தெட்டு வருஷம் தண்டவாளத்தோடு குடித்தனம் நடத்தியவன் நான். ‘சும்மாதான் இருக்கிறேன்’ என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆகவே உண்மையையே எழுதிவிடுகிறேன். 2024-ஆம் வருஷத்தில் பெரும்பகுதி நான் பார்த்த உத்தியோகம், நாலு கிலோ எடையுள்ள ஒரு நாய்க்குட்டியைச் சாப்பிட வைப்பது.

அந்த வருஷம் பொங்கல் கழிந்து, ஹைதராபாதில் இருக்கும் என் மகன் காரில் வந்து இறங்கினான். மடியில் ஒரு வெள்ளைப் பஞ்சு உருண்டை. “உங்களுக்குத் துணையா இருக்கட்டும்ப்பா” என்றான். பிறந்து இரண்டரை மாசம். பார்த்தவர்கள் எல்லோரும் பொமரேனியன் என்றார்கள். டாக்டரம்மா மட்டும், “இது நம்ம ஊர் இந்தியன் ஸ்பிட்ஸ்” என்று திருத்தினார். எந்த ஜாதியானால் என்ன, தமிழர் வீட்டுக்கு வந்த நாய்க்குப் பெயர் தேட வேண்டியதில்லை. மணி என்று வைத்தோம்.

முதல் ஒரு மாசம் வைத்ததைச் சாப்பிட்டது. பிறகு ஒரு நாள் தயிர் சாதத்தை முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. என் மனைவி பதறிப்போய் ஒரு ஸ்பூன் நெய் விட்டாள். சாப்பிட்டது. நாலு நாள் கழித்து நெய்யும் பிடிக்கவில்லை, முட்டை வந்தது. முட்டை அலுத்தது, வேகவைத்த கோழி வந்தது. (எங்கள் சமையலறையில் கோழி ஏறியது அதுதான் முதல் தடவை. அதற்காக மாடியில் தனி அடுப்பு, தனிப் பாத்திரம்.) கோழியும் அலுத்த பிறகு, தட்டில் இருந்தால் தொடாது, அவள் தரையில் உட்கார்ந்து கையால் ஊட்டினால்தான் வாயைத் திறக்கும் என்று ஆகிவிட்டது. ரயில்வேயில் எனக்குப் பதினைந்து வருஷத்தில் கிடைக்காத புரமோஷன் மணிக்கு ஆறு வாரத்தில் கிடைத்தது. அது செய்த வேலை, வேண்டாம் என்று முகத்தைத் திருப்பியது மட்டும்தான்.

ஏப்ரல் மாசம் டாக்டரிடம் கொண்டுபோனோம். இங்கே நாக்பூர் கால்நடைக் கல்லூரியில் படித்த இளம் பெண். நான் சாப்பாட்டுப் பிரச்சினையை விவரிக்க ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார். “அங்கிள், அடம் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் நோய் இல்லை என்று தெரிய வேண்டும்” என்று சொல்லிவிட்டு, எடை பார்த்தார், ஜுரம் பார்த்தார், பூச்சி இருக்கிறதா என்று மலப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார், வாயைத் திறந்து பார்த்தார். அங்கே ஒரு விஷயம் இருந்தது. பால் கோரைப்பல் விழாமலே பக்கத்தில் புதுக் கோரைப்பல் முளைத்துக்கொண்டிருந்தது. நாய்க்குட்டிக்குப் பால் பற்கள் 28. நாலிலிருந்து ஏழு மாசத்துக்குள் அவை விழுந்து 42 பற்கள் முளைக்க வேண்டும். அந்தச் சமயத்தில் ஈறு வலிக்கும், கடினமானதைத் தொடாது. உணவை வெதுவெதுப்பாக, குழைவாகக் கொடுங்கள் என்றார். சின்ன ஜாதி நாய்களுக்குப் பால் பல் தானாக விழாமல் தங்கிவிடுவதும் உண்டாம். அப்படியானால் எடுக்க வேண்டும். மணிக்கு மே மாசம் தானாகவே விழுந்துவிட்டது.

விலாவைத் தடவிப் பார்க்கச் சொன்னார். எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது, அதுதான் சரியான உடம்பு. மணியின் விலா எலும்பைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. “இவன் பட்டினி கிடக்கவில்லை. எங்கேயோ சாப்பிடுகிறான். ஒரு நாள் முழுக்க எழுதி வையுங்கள்” என்றார்.

எழுதி வைப்பது என் பிறவிக் குணம். பழைய கேங் டைரி ஒன்றை எடுத்துக் கோடு போட்டு, மறுநாள் காலையிலிருந்து உட்கார்ந்தேன். ஆறு மணிக்கு என் மனைவி, பாலில் தோய்த்து இரண்டு பிஸ்கட். ஏழே காலுக்குப் பக்கத்து வீட்டு காகு, காம்பவுண்டு சுவர் வழியாக நெய் தடவிய அரை சப்பாத்தி. எட்டு மணிக்குக் குப்பை எடுக்க வருபவர் அன்போடு ஒரு பிஸ்கட். பதினொரு மணிக்குப் பாத்திரம் தேய்க்கிற பாயி, தன் டப்பாவிலிருந்து ஒரு கவளம். நாலு மணிக் காபிக்கு ஒருவர் முறுக்கை உடைத்துக் கால்வாசியை மேஜைக்கடியில் நீட்டினார். கூடவே மூன்று பிஸ்கட். ராத்திரி அதே நபர் மறுபடி இரண்டு பிஸ்கட். அந்த நபரின் பெயரை டைரியில் எழுத எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. நான்தான்.

டாக்டரம்மா கணக்குப் போட்டார். வளருகிற நாலு கிலோக் குட்டிக்கு ஒரு நாளைக்குச் சுமார் 400 கலோரி போதும். எட்டு குளுக்கோஸ் பிஸ்கட்டிலேயே 200 கலோரிக்குப் பக்கத்தில் போய்விட்டது. சப்பாத்தி, பால், முறுக்கு எல்லாம் சேர்ந்தால் தட்டுக்கு வருமுன்பே வயிறு நிறைந்துவிடுகிறது. தின்பண்டம் எல்லாம் சேர்ந்து நாள் கணக்கில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாதாம்.

அவர் கொடுத்த டைம் டேபிள் ரயில்வேக்காரனுக்குப் பிடித்த மாதிரி இருந்தது. ஆறு மாசம் முடியும் வரை மூன்று வேளை, அதற்குப் பிறகு இரண்டு வேளை. தினமும் அதே நேரம், அதே இடம், அதே தட்டு. தட்டை வைத்ததும் நகர்ந்துவிட வேண்டும். கெஞ்சக் கூடாது, கொஞ்சக் கூடாது, எதிரே உட்கார்ந்து முகத்தைப் பார்க்கக் கூடாது. பதினைந்து நிமிஷத்தில் பேசாமல் தட்டை எடுத்துவிட வேண்டும். அடுத்த வேளை வரை தண்ணீர் மட்டும். உணவை மாற்றுவதானால் பழையதில் புதியதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒரு வாரத்தில் மாற்ற வேண்டும். எங்களுக்கு அவர் வகுத்தது குட்டிகளுக்கான உணவும் அதோடு குழைந்த சாதமும் எலும்பில்லாத கோழியும். சாதமும் தயிரும் மட்டும் என்றால் வளரும் எலும்புக்குச் சத்து போதாதாம். சாம்பார் சாதம் கூடவே கூடாது. வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களை அழிக்கும். திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும், உலர்ந்த திராட்சையும் சேர்த்துத்தான். பாயசத்திலிருந்து பொறுக்கிப் போட்டதெல்லாம் எங்களுக்கு நினைவு வந்தது. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

கடைசியாக ஒன்று சொன்னார். “சின்னக் குட்டி நீண்ட நேரம் வெறும் வயிற்றோடு இருந்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். தொடர்ந்து இரண்டு வேளை தொடவில்லையானால் எனக்கு போன் பண்ணுங்கள். துவண்டாலோ, வாந்தியோ பேதியோ வந்தாலோ காத்திருக்கவே வேண்டாம்.”

வீட்டுக்கு வந்து கேட்டில் ஒரு போர்டு மாட்டினேன்: ‘மணிக்கு எதுவும் கொடுக்க வேண்டாம்.’ ஸ்டேஷன் போர்டு மாதிரியே மராட்டி, இந்தி, ஆங்கிலம் என மூன்று மொழிகளில். “தமிழ்ல எழுதலையா?” என்று கேட்டாள் மனைவி. “தமிழ் படிக்கத் தெரிந்த குற்றவாளிகள் நாம் ரெண்டு பேர்தானே, நேரிலேயே சொல்லிக்கொள்ளலாம்” என்றேன். அவள் சிரிக்கவில்லை.

அவள் சிரிக்காததற்குக் காரணம் உண்டு. 1994-இல் இட்டார்சிப் பக்கம் ஒரு சிறிய ஸ்டேஷனில் குவார்ட்டர்ஸில் இருந்தபோது எங்களிடம் ராமு என்று ஒரு நாய் இருந்தது. ஒரு நாள் வைத்த சோற்றைத் தொடவில்லை. மறுநாளும் தொடவில்லை. எங்கேயோ கேங் ஹட்டில் ரொட்டி தின்றிருக்கும், திமிர், பசித்தால் தானே வரும் என்று சொல்லிவிட்டு நான் டிராலி ஏறி லைனுக்குப் போய்விட்டேன். மூன்றாம் நாள் சாயங்காலம் திரும்பியபோது புழக்கடை வேப்பமரத்தடியில் குழி தோண்டி மூடியிருந்தார்கள். என்ன நோய் என்று இன்றுவரை தெரியாது. என் மனைவி அன்று ஒன்றும் சொல்லவில்லை. முப்பது வருஷம் கழித்து, நான் போர்டை மாட்டிவிட்டு இறங்கியபோதுதான் சொன்னாள்: “ராமுவையும் நீங்க பசிச்சா வரும்னுதான் சொன்னீங்க.”

எனக்குப் பதில் வரவில்லை. “தினமும் எழுதி வைக்கிறேன். ரெண்டு வேளை சாப்பிடலேன்னா நானே தூக்கிக்கிட்டுப் போறேன்” என்று மட்டும் சொன்னேன்.

முதல் நாள் காலை ஆறரை. தட்டை வைத்தேன். மணி தட்டைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, சமையலறையைப் பார்த்தது. பதினைந்து நிமிஷம் என்பது எவ்வளவு நீளம் என்று, லேட் ரயிலுக்காகக் காத்திருந்த காலத்தில் கூட எனக்குத் தெரிந்ததில்லை. எடுத்துவிட்டேன். மத்தியானம் இரண்டு வாய். ராத்திரி பாதி. இரண்டாம் நாளும் ஏறக்குறைய அப்படியே. மூன்றாம் நாள் காலை மறுபடி தொடவில்லை. மீசையில் மட்டும் ஒரு தயிர்ப் பருக்கை ஒட்டிக்கொண்டிருந்தது. மனைவியைப் பார்த்தேன். “ராத்திரி ஒரு மணிக்கு அழுதுதுங்க” என்றாள். கோபித்துக்கொள்ள மனம் வரவில்லை. ஆனால் டாக்டரம்மா இதையும் சொல்லியிருந்தார்: ஒன்பது தடவை மறுத்துப் பத்தாவது தடவை கொடுத்தால், பத்து தடவை கேட்க வேண்டும் என்றுதான் அது கற்றுக்கொள்ளும். அதற்குக் கண்டிப்பே இல்லாமல் இருந்துவிடலாம்.

பாதி வழிக்கு வந்தோம். தட்டை வைப்பதும் எடுப்பதும் அவள் பொறுப்பு, டைரி என் பொறுப்பு. அதில் இன்னொரு லாபம்: தட்டை வைக்குமுன் “உட்கார்” என்று சொல்லி உட்கார வைக்க ஆரம்பித்தாள், சாப்பாடு அவள் கையால்தான் வருகிறது என்பது மணிக்கு நன்றாகவே விளங்கியது. ஐந்தாம் நாள் தட்டு காலி. அதன் பிறகு டைரியில் ஒரே மாதிரி வரிகள்: ஐந்து நிமிஷம், காலி. நாலு நிமிஷம், காலி. நாக்பூர் மே மாச வெயில் உங்களுக்குத் தெரியும். 45 டிகிரியில் நமக்கே சோறு இறங்காது. அப்போது ஆறு மாசமும் முடிந்திருந்ததால் மத்தியானச் சாப்பாட்டை நிறுத்தி, காலை ஆறரைக்கும், வெயில் தணிந்து மாலை ஏழரைக்கும் என்று மாற்றினோம். அப்போதும் காலிதான்.

ஆகஸ்டில், நல்ல மழை நாளில், காலை ஆறரைக்கு மணி தட்டருகே வந்தது, முகர்ந்தது, திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டது. வாலில் பழைய அதட்டல் இல்லை, சமையலறையைப் பார்க்கவும் இல்லை. நான் டைரியைப் புரட்டினேன். நூறு நாளுக்கு மேல் ஒரு வேளை கூடத் தவறவில்லை. தினமும் லைனில் நடக்கிற கீமேனுக்கு ஒரு சாவி தளர்ந்திருப்பது கண்ணில் பட்டுவிடும். மற்ற நாளெல்லாம் அது தளராமல் இருந்ததை அவன் பார்த்திருக்கிறான். மாலை வரை காத்திருக்க எனக்குத் தைரியம் வரவில்லை. உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ரோஜா நிறத்தில் இருக்க வேண்டிய ஈறு வெளுத்திருந்தது. ஒன்பது மணிக்கு டாக்டரிடம் இருந்தோம்.

ஜுரம் 104-க்கு மேல். நாய்க்கு 101-லிருந்து 102.5 வரை சகஜம். அடர்ந்த முடியைப் பிளந்து பார்த்ததில் காது மடலுக்குள் இரண்டு, கால் விரல் இடுக்கில் ஒன்று, ரத்தம் குடித்துப் பருத்த உண்ணிகள். தினமும் சீப்பால் வாரியும் எங்களுக்குப் படவில்லை. ரத்தப் பரிசோதனையில் பிளேட்லெட் லட்சத்துக்குக் கீழே. உண்ணிக் காய்ச்சல், எர்லிக்கியா என்றார். டாக்ஸிசைக்ளின் இருபத்தெட்டு நாள். “சீக்கிரமே வந்துவிட்டீர்கள்” என்றார். “மார்ச்சில் சாப்பிட்ட மாதிரியே இப்போதும் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், இன்றைக்கு அடம் என்றுதான் நினைத்திருப்பீர்கள். நாலு நாள் கழித்துக் கொண்டுவந்திருப்பீர்கள்.”

என் மனைவி என் பக்கம் திரும்பவில்லை. மணியின் தலையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுக்கக் கூடாது. ஆகவே டைம் டேபிள் ரத்து; எப்படியாவது, எதையாவது, கையால் ஊட்டியாவது உள்ளே போக வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. அந்த உத்தரவு யாருக்குப் பிடித்தது என்று சொல்ல வேண்டியதில்லை. வெதுவெதுப்பான கோழிக் கஞ்சியைச் சுண்டைக்காய் அளவு உருட்டி உருட்டி, மணிக்கணக்கில் தரையில் உட்கார்ந்து ஊட்டினாள். எங்கள் பிள்ளைகளுக்கு ஜுரம் வந்தால் நான் லைனில் இருப்பேன்; இப்படித்தான் செய்திருப்பாள் என்று, அதை முதல் தடவையாக உட்கார்ந்து பார்த்தேன்.

பத்தாம் நாள் மாலை வழக்கம் போலத் தட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உருண்டை பிடித்து நீட்டினாள். மணி அவள் கையை நக்கிவிட்டு, கையைத் தாண்டிப் போய்த் தட்டில் வாய் வைத்தது. அவள் உருண்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அதையும் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்து கை கழுவப் போனாள்.

“என்னங்க, எழுதிட்டீங்களா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

ஏழரை மணி. ஆறு நிமிஷம். காலி.